ஆடியில் விரிந்து பங்குனியில் வெடித்த மேசை

புளியரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் மாடு இல்லாத தொழு காலியாகக் கிடக்கிறது. அதில் தச்சுவேலை பழக ஆசை. டிரில் மெஷின், ஆங்கிள் கிரைண்டர், ஒரு ரம்பம் வாங்கியாயிற்று. செங்கோட்டை மில்லில் மூன்று பலாப் பலகை அறுத்து வாங்கி, பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டி, நாலு கால் சட்டத்தின் மேல் சுற்றிலும் திருகாணி முறுக்கி ஒரு மேசை செய்தார். மாசியில் செய்தது ஆடிச் சாரலில் நடுவில் மேடு தட்டியது. அடுத்த பங்குனியில் நீளவாக்கில் வெடித்தது. "பசை சரியில்லையா, மரம் சரியில்லையா? இன்னும் என்ன கருவி வாங்கணும்? என்ன பாலிஷ் போடணும்?" இதுதான் கேள்வி.

தம்பி, பசையும் நல்ல பசை, மரமும் நல்ல மரம். பசை போட்ட கோட்டில் பிரியாமல் அதற்குப் பக்கத்தில் வெடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பசை பிடித்ததற்குச் சாட்சி. தப்பு அந்தத் திருகாணிகளில் இருக்கிறது. பலகை அசைய நினைத்தது, நீங்கள் அதை அசையவிடவில்லை. நான் இருபது வருடமாக வீட்டில் மரவேலை செய்கிறேன். கருவி, இணைப்பு, பாலிஷ் எதைப் பற்றிக் கேட்டாலும், நம்ம ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்தில்தான் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அதனால் உங்கள் கேள்வியைப் பின்னாலிருந்து பிடிக்கிறேன்.

வெட்டிக் காய்ந்த மரமும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நீடித்தால் மரத்துக்குள் ஈரம் ஏறத்தாழ 16 சதவீதத்தில் வந்து நிற்கும். காற்று 50 சதவீதத்துக்கு இறங்கினால் மரம் 9 சதவீதத்துக்கு வரும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்து விழுகிற ஆனி, ஆடியையும், காற்று வறண்டு கிடக்கிற பங்குனி, சித்திரையையும் நினைத்துப் பாருங்கள். ஒரே வருடத்துக்குள் இந்த இரண்டு கோடியையும் நம் வீட்டு மரம் தொட்டுவிட்டு வருகிறது.

இந்த அசைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட அசையவே அசையாது. அகலவாக்கில்தான் அசையும். அதிலும் அறுத்த முனையில் வட்ட வட்டமாகத் தெரிகிற வளையத்தை ஒட்டி அசைவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கி அசைவதைப் போல் சுமார் இரண்டு மடங்கு. தேக்கைத்தான் எல்லோரும் அசையாத மரம் என்பார்கள். பச்சையிலிருந்து முழுக்கக் காய்கிற வரைக்கும் தேக்கே வளையத்தை ஒட்டி 5.8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கி 2.5 சதவீதமும் சுருங்குகிறது. கணக்குப் போட்டால், சாதாரணமாக அறுத்த 30 செ.மீ. அகலத் தேக்குப் பலகை ஆடிக்கும் பங்குனிக்கும் நடுவில் நாலு மில்லிமீட்டர் வரை போய் வரலாம். தேக்குக்கே இது என்றால், அதே நேரத்தில் கடப்பாரை போல் நிற்கிற திருகாணிகள் இரண்டு ஓரத்திலும் இறுகப் பிடித்தால் பலகை எங்கே போகும்? விரிகிறபோது மேலே எழும்பும், அதுதான் உங்கள் ஆடி மேடு. எழும்ப முடியாத இடத்தில் நார்கள் ஒன்றையொன்று நெரித்து உள்ளுக்குள்ளே நசுங்கிப்போகும். நசுங்கிய நார் வெயில் காலத்தில் சுருங்கும்போது பழைய அளவைவிடக் குறுகலாகத்தான் வரும். திருகாணி விடாது. அப்போது வெடிக்கும். பங்குனியில் கேட்ட சத்தத்துக்கான வேலை ஆடியிலேயே முடிந்துவிட்டது.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அறையும் நிரையும் என்று ஒரு கட்டுமுறை உண்டு. சட்டத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, அதில் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிக்கொண்டே போவார்கள். ஆணி கிடையாது. பலகை காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும், வேண்டுமென்றால் கழற்றி வேறிடத்தில் மாட்டலாம். தக்கலைப் பக்கம் போனால் பத்மநாபபுரம் அரண்மனையில் செதுக்கு வேலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பலகையும் சட்டமும் சேருகிற இடங்களில் ஒரு நிமிடம் நில்லுங்கள். எனக்குத் தொழில் காட்டிக்கொடுத்த ஆசாரி மாமா அடிக்கடி சொல்வார், கதவுக்குப் பலகை போடும்போது மாசம் பார்த்துப் போடணும் என்று. பங்குனியில் போட்டால் காடிக்குள் விரிய இடம் விட வேண்டும். ஆடியில் போட்டால் இறுக்கமாகப் போடலாம், எப்படியும் சுருங்கும். மேலே நான் எழுதிய சதவீதக் கணக்கு முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருந்தது.

உங்கள் மேசையை இப்போதே கழற்றுங்கள், ஆனால் ஒட்ட அவசரப்படாதீர்கள். பலகையை வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் குறைந்தது ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். வெடிப்பு ஓடின கோட்டை ஒட்டி நேராக அறுத்து, இரண்டு விளிம்பையும் இழைத்து, திரும்ப ஒட்டுங்கள். அரை விரல் அகலம் குறையும், பரவாயில்லை. சட்டத்தோடு சேர்க்கும்போது திருகாணியை நேராகப் பலகையில் இறக்காதீர்கள். சட்டத்தின் உள்பக்கம் மேலிருந்து ஒரு 12 மி.மீ. கீழே காடி எடுங்கள். எட்டு சின்னக் கட்டைகளை ஒரு பக்கம் நாக்கு நீட்டினமாதிரி செதுக்கி, நாக்கைக் காடிக்குள் விட்டு, கட்டையை மட்டும் மேல்பலகையில் முறுக்குங்கள். பலகை கீழே இழுத்துப் பிடித்திருக்கும், பக்கவாட்டில் மட்டும் நாக்கு காடிக்குள் வழுக்கிப் போய் வரும். காடி எடுக்க வசதி இல்லையென்றால் சட்டத்தில் வட்டத் துளைக்குப் பதில் அகலவாக்கில் நீண்ட துளை போட்டு, வாஷரோடு திருகாணி மாட்டுங்கள். நடுவில் ஒரே ஒரு திருகாணி இறுக்கமாக இருக்கலாம். அப்போது இரண்டு பக்கமும் சமமாக அசையும்.

சரி, மரம் வாங்குவதற்கு வருகிறேன்.

மில்லில் பலகையின் முகத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, முனையைப் பார்க்க வேண்டும். அறுத்த முனையில் வளையங்கள் தெரியும். வளையம் வில் போல் வளைந்து பலகையின் அகலத்தோடு படுத்திருந்தால் அது அதிகம் அசையும், காயும்போது குழியும். வில் நிமிரப் பார்க்கிற திசையில்தான் ஓரங்கள் தூக்கும். வளையம் செங்குத்தாக, சீப்புப் பல் மாதிரி நின்றால் அசைவு ஏறக்குறைய பாதி. மேசை மேல்பலகைக்கு அப்படிப்பட்டதைத் தேடி எடுங்கள், கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை. அடுத்தது நடுவில் இருக்கிற வைரம் எது, பட்டையை ஒட்டி இருக்கிற வெள்ளை எது என்று பாருங்கள். மலையாளத்தில் வைரப் பகுதியைக் காதல் என்பார்கள், கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து உண்டு, வண்டு முதலில் அங்கேதான் வரும். ரப்பர் மரம் முழுக்கவே அந்தக் குணம்தான். போராக்ஸ், போரிக் அமிலம் ஏற்றிப் பதப்படுத்தாத ரப்பர் பலகையை வாங்கவே வாங்காதீர்கள்.

பழக ஆரம்பிக்கிறவருக்கு நான் பலாவையும் அயினியையும் சொல்வேன். அயினியை மலைக்கு அந்தப் பக்கம் ஆஞ்சிலி என்பார்கள். இரண்டும் ஒரே இனம், உளிக்கு இணங்கும். பலா முதலில் மஞ்சளாக இருந்து வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்குப் போகும், அதைச் சாயம் பூசிக் கெடுத்துவிடாதீர்கள். பூவரசு கிடைத்தால் விடாதீர்கள், சின்னச் சாமானுக்கு அதைப் போல் மரம் இல்லை. வாகை நன்றாக இருக்கும், ஆனால் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. தேக்கு இழைக்கச் சுகம்தான், என்றாலும் அதில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் கருவி சீக்கிரம் மழுங்கும். அதிலுள்ள எண்ணெய் பசையைத் தடுக்கும், அதனால் இழைத்த அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். ஈட்டியை, அதாவது தோதகத்தியை, இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதற்கென்று தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். தேக்கானாலும் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சோதனைச் சாவடியைத் தாண்டி மரம் கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும்.

இடித்த வீட்டுச் சட்டம், பழைய கதவு விற்கிற கடைகளில் அருமையான மரம் கிடைக்கும். உள்ளே முறிந்த ஆணி இருக்கும், காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு ரம்பம் வையுங்கள். ஆனால் "நூறு வருசத்து மரம், இனிமேல் அசையாது" என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். பழைய மரம் காய்ந்திருக்கும், முறுக்கு அடங்கியிருக்கும். ஆடிக்கு விரிவதும் பங்குனிக்குச் சுருங்குவதும் அதற்கும் உண்டு.

மில்லிலிருந்து வந்த பலகை காய்ந்ததா இல்லையா என்பதற்குச் சமையலறைத் தராசு போதும். பலகையின் முனையில் எடுக்காமல், ஒரு அடி உள்ளே தள்ளி இரண்டு விரல் அகலத் துண்டு அறுத்து எடை போடுங்கள். பிறகு கேக் சுடுகிற ஓவனில் சுமார் 103 டிகிரியில் வைத்து, எடை மேற்கொண்டு குறையாமல் நிற்கிற வரைக்கும் மணிக்கு ஒருதரம் போட்டுப் பாருங்கள். 232 கிராம் இருந்தது 200 கிராமில் நின்றால், போன தண்ணீர் 32 கிராம். அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் 16 சதவீதம். ஓவன் இல்லையென்றால் ஒரு துண்டை நிழலில் வைத்து வாரம் ஒருமுறை எடை எழுதிக்கொண்டு வாருங்கள், எடை ஒரே இடத்தில் நின்றால் மரம் வீட்டோடு பழகிவிட்டது என்று அர்த்தம். ஒரு அங்குலப் பலகைக்கு ஒரு வருடம் என்று பழைய கணக்கு. அது வரைக்கும் தரையில் படாமல், பலகைக்குப் பலகை ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் கொடுத்து, மேலே கனம் ஏற்றி, நிழலில் அடுக்கி வைக்க வேண்டும். இரண்டு முனையிலும் பெயின்ட்டோ மெழுகோ பூசிவிடுங்கள். முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாக ஓடும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

கருவிக்கு வருகிறேன். உங்களிடம் இருக்கிற ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கிற பல் பிளேடை மாட்டுவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அந்த வேகத்துக்கும் அந்தப் பிடிக்கும் அது ஏற்ற பிளேடு இல்லை. மரத்தில் மாட்டினால் கருவி கையை விட்டுத் துள்ளித் திரும்பும், அது போகிற திசையில் உங்கள் கையோ கழுத்தோ இருக்கும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கைக்கருவி நிறைய வேண்டாம். 6, 12, 25 மி.மீ. உளி மூன்று. ஒரு கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல். நாலாம் நம்பரோ ஐந்தாம் நம்பரோ ஒரு இரும்பு இழைப்புளி. ஆசாரி கடைகளில் ஆப்பு வைத்த மர இழைப்புளி கிடைத்தால் அதுவும் சரி, அதைத்தான் மலைக்கு அந்தப் பக்கத்து ஆசாரிகள் சிந்தேர் என்பார்கள். மூலைமட்டம், விளிம்பை ஒட்டிக் கோடு போடுகிற மார்க்கிங் கேஜ், நாலு கிளாம்ப். ரம்பம் வாங்கும்போது பல்லைக் கவனியுங்கள். நாரின் நீளத்தோடு அறுக்கிற பல் வரிசையாக நிற்கிற குட்டி உளி போல் இருக்கும், குறுக்கே அறுக்கிற பல் கத்தி நுனி போல் சாய்வாகத் தீட்டியிருக்கும். ஒன்றை வைத்து மற்றதைச் செய்தால் கை வலிக்கும், கோடும் ஓடும். பல் நுனி மட்டும் கறுத்திருக்கிற ரம்பங்களை அரத்தால் தீட்ட முடியாது, மழுங்கினால் தூக்கிப்போட வேண்டியதுதான். நம் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து கால் கட்டைவிரலால் மரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நமக்கு அது வராது, ஒரு பெஞ்சு அடித்துக்கொள்ளுங்கள். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரம் வையுங்கள். கனமாக இருக்கட்டும், இழைக்கும்போது நகரக் கூடாது.

இதையெல்லாம்விட முக்கியம் சாணை. கடையிலிருந்து வருகிற உளி தீட்டப்பட்டதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தட்டையான பின்முகத்தை, நுனியிலிருந்து இரண்டு விரல் அளவுக்கு, 1000 நம்பர் கல்லில் படுக்க வைத்துத் தேயுங்கள். முதல் உளிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். தேய்த்த இடம் நுனி வரைக்கும் ஒரே மங்கல் சாம்பல் நிறத்துக்கு வந்தால் போதும், அதன் பிறகு வாழ்நாளில் அந்த உளிக்கு அதைத் திரும்பச் செய்ய வேண்டாம். அடுத்து சரிவு முகம். 25 டிகிரியில் கடைந்திருக்கும், நீங்கள் கொஞ்சம் தூக்கி 30 டிகிரியில் பிடித்து இழுங்கள். பத்துப் பதினைந்து இழுப்புக்குப் பிறகு பின்முகத்தில் கட்டைவிரலை நுனியை நோக்கி வெளிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். ரோமம் மாதிரி ஒரு பிசிறு தட்டும். அகலம் முழுக்க அந்தப் பிசிறு தட்டினால்தான் சாணை நுனியைத் தொட்டிருக்கிறது, ஒரு மூலையில் தட்டவில்லை என்றால் இன்னும் தொடவில்லை. பிறகு 5000, 6000 நம்பர் கல், கடைசியில் ஒரு தோல் பட்டை, பிசிறு உதிர்ந்துவிடும். வேப்பங்கட்டையின் முனையில், நார் வெட்டுப்பட்ட பக்கத்தில், கையால் மட்டும் தள்ளிப் பாருங்கள். கூர் வந்திருந்தால் வெட்டின இடம் மெழுகு தடவினமாதிரி மினுங்கும். வரவில்லை என்றால் வெள்ளையாகத் தூள் தட்டும். கல்லும் நாளடைவில் குழிந்துவிடும், கண்ணாடி மேல் உப்புத்தாள் போட்டு அதைச் சமப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இழைக்கும்போது நார் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பலகையின் ஓரத்தில் பாருங்கள். ஏறுகிற திசையில் தள்ளினால் சுருள் நீளமாக வரும், எதிரே தள்ளினால் நார் பிய்த்துக்கொண்டு வரும். பூனையைத் தடவுகிற மாதிரிதான். பலாவிலும் அயினியிலும் சில இடத்தில் நார் பட்டை பட்டையாக மாறி மாறி ஓடும். எந்தப் பக்கம் தள்ளினாலும் பிய்க்கும். அங்கே பிளேடைப் புதிதாகத் தீட்டி, வெங்காயத் தோல் கனத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும்.

இணைப்பில் முதலில் பழக வேண்டியது ஒரு கட்டையில் துளை, மறு கட்டையில் அதற்குள் போகிற குடுமி. கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு குடுமிக்குக் கொடுங்கள். துளையை முதலில் எடுத்துவிட்டு, குடுமியை அதற்குப் பொருத்தமாகச் செதுக்குங்கள். குடுமியைக் குறைப்பது சுலபம், துளையைக் குறைக்க முடியாது. கையால் அழுத்தி உள்ளே போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. கொட்டாப்புளியால் அடித்துத்தான் போகிறது என்றால் பசை போட்டதும் ஈரத்தில் இன்னும் விரிந்து கட்டையைப் பிளக்கும். மூலையில் புறா வால் போல் பல் கோத்துச் சேர்க்கிற டவ்டெயில் பெட்டியெல்லாம் ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பாலிஷ். எந்தப் பாலிஷும் ஈரத்தை நிறுத்தாது, வேகத்தை மட்டும்தான் குறைக்கும். மேலே பூசிவிட்டுக் கீழே வெறுமனே விட்டால், கீழ்முகம் மட்டும் ஈரத்தைக் குடித்துப் பலகை வளையும். உங்கள் மேசைக்கும் அடிப்பக்கம் பூசவில்லை என்று நினைக்கிறேன். மேலே எத்தனை கோட்டோ கீழேயும் அத்தனை.

பூசுவதற்கு முன் 120, 180, 220 என்று உப்புத்தாள் போடுங்கள், எப்போதும் நார் ஓடுகிற திசையில். 180க்கும் 220க்கும் நடுவில் ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிட்டால் எழுந்து நிற்கிற நார்கள் 220இல் போய்விடும். மூக்குக்கு மாஸ்க் போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் வரவழைக்கும் என்பது உறுதிசெய்யப்பட்ட விஷயம்.

பலர் தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று கேட்பார்கள், வீட்டில் குடம் குடமாக இருக்கிறதே என்று. வேண்டாம். தேங்காய் எண்ணெய் காற்றில் உறைந்து படலம் ஆகாது. அப்படியே பிசுக்காக இருந்து தூசி ஒட்டி, சிக்கு வாடை அடிக்கும். உறைகிற எண்ணெய் ஆளி விதை எண்ணெய், கடையில் லின்சீட் என்று கேளுங்கள். பச்சை எண்ணெய் உலர வாரக்கணக்கில் ஆகும், நம்ம சாரலில் அதற்குள் பூசணம் பிடித்துவிடும். உலர்த்தி சேர்த்த, பாயில்டு என்று எழுதியதை வாங்கி, மெலிதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை ஒட்டத் துடையுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். எண்ணெய் உறையும்போது சூடு வரும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். எங்கள் வீட்டு மூலையில் ஒருமுறை கருகின வாடை வந்து ஓடிப்போய்ப் பார்த்தேன், துணி நடுவில் ஓட்டை விழுந்து புகைந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து துணியைக் கொடியில் விரித்துக் காயப்போட்டுத்தான் தூங்கப் போவேன்.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணி உருண்டையால் தேய்க்கிற பாலிஷ் எனக்கு மிகவும் பிடிக்கும். அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும், பலாவின் நிறத்தை விளக்கு ஏற்றினமாதிரி எடுத்துக் காட்டும். ஆனால் மழை நாளில் பூசினால் காற்றின் ஈரம் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். சூடான டம்ளர் வைத்தாலும் தடம் விழும். அதனால் அதைப் பெட்டிக்கும் அலமாரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசைக்குப் பாலியூரித்தேன் வார்னிஷை மெலிதாக மூன்று கோட்டு போடுவதுதான் நல்லது. கொல்லம் பக்கம் முந்திரித்தோட்டு எண்ணெயை உத்தரத்துக்குப் பூசுவார்கள், கரையானுக்கு நல்லதுதான். தோலில் பட்டால் கொப்புளம் போடும், கை படுகிற சாமானுக்கு ஆகாது.

மேசையை ஒட்டுவதற்கு நான் தை, மாசியைச் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் இறங்கி, கோடை வறட்சி இன்னும் தொடங்காத நேரம் அது. அதுவரைக்கும் அந்தப் பலாவில் வெட்டி எடுக்கிற அரை விரல் துண்டை எறியாமல், எடை போட்டு, தேதியோடு பென்சிலால் அதன் மேலேயே எழுதித் தொழுவில் தொங்கவிடுங்கள். நடுவில் ஒரு மணை செய்து பழகுங்கள், ஒரு பலகை, இரண்டு கால், அதற்கு நாலு குடுமி போதும்.